அளவையறிஞர் ஹஸ்கெல் கறி

பெரியோர் சிலரின் பெயர்கள், அவர்தம் நூல்களைக் கண்ணாலுங் கண்டறியாதவர் நாவிலும் நாடோறும் வழங்கும். அத்தகையோருள் ஒருவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஹஸ்கெல் புறூக்ஸ் கறி. இன்று கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் பயிலும் மொழியொன்று அவரது முதற்பெயரைத் தாங்கி நிற்கின்றது; அவர்கள் அன்றாடம் கையாளும் முறையொன்று அவரது குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயரைக் கேட்கும் நம்மவர் முறுவலிப்பது இயல்பே. எனினும் நம் அடுக்களைக் கறிக்கும் அப்பெயருக்கும் ஒலியொப்புமையன்றி வேறு தொடர்பில்லை. நமது கல்லூரியிற் கற்று வெளியேறியோருட் பலர் மென்பொருட்டுறையிலே தொழில் புரிகின்றனர். இன்று வகுப்பிலிருக்கும் மாணவர் பலரும் அத்துறையையே நாடுகின்றனர். ஆதலின் அத்துறைக்கு அடிகோலியவருள் ஒருவரின் வாழ்க்கையை இவ்விழா மலரிற் சுருக்கியுரைத்தல் பொருந்தும்.

கறி 1900ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள மில்லிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் சைலஸ் கறியும் தாயார் அன்னாவும் பொஸ்ரன் நகரிலே பேச்சுக்கலை பயிற்றும் பள்ளியொன்றை நடத்தினர். அப்பள்ளியே பின்னாளிற் கறி கல்லூரி எனப் பெயர் பெற்றது. மகன் 1916இல் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் புகுந்தபோது மருத்துவராகும் எண்ணமே கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கிற்று. இளைஞர் கறி மருத்துவத்தைக் கைவிட்டுக் கணிதத்தை மேற்கொண்டு, 1920இற் பட்டம் பெற்றார்.

அதன் பின்னரும் அவர் மனம் உடனே ஒருவழிப்படவில்லை. இரண்டாண்டு மின்பொறியியல் கற்றார். கற்கும்போதே மின்பொறி செய்யும் நிறுவனமொன்றில் வேலையுஞ் செய்தார். பின்னர்ப் பௌதிகவியலுக்குச் சென்று 1924இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். உடன் பயின்ற பொறியியலாளர் விடை சரியா என்று மட்டும் நோக்கினர். கறியோ அவ்விடை ஏன் சரியாகின்றது என்று வினவினார். இவ்வினாவே அவரை மீண்டுங் கணிதத்துக்கும், அங்கிருந்து அளவையியலுக்கும் ஈர்த்தது.

1922இலேயே அதற்கு வித்திடப்பட்டது. அவ்வாண்டில் வைற்ஹெட், ரசல் என்னும் அறிஞர் இருவரும் இயற்றிய கணித அடிப்படை பற்றிய பெருநூலின் முதல் அதிகாரத்தை அவர் படித்தார். அங்கே அனுமான விதிகள் இரண்டு அவர் கண்ணிற்பட்டன. ஒன்று, முதலாவது உண்மையாயின் இரண்டாவதும் உண்மை என்பதையும், முதலாவது உண்மை என்பதையும் கொண்டு இரண்டாவதைப் பெறும் விதி. இது மிக எளியது. மற்றையது மாறியொன்றின் இடத்தில் வேறொன்றைப் பிரதியிடும் விதி. அட்சரகணிதத்திற் பிரதியிடும்போது பிழைவிடாத மாணவன் அரியன். அளவையியலிலோ ஒரே பெயருடைய மாறிகள் ஒன்றோடொன்று மயங்குமாதலால் அவ்விதி பன்மடங்கு சிக்கலாகின்றது. எல்லாவற்றுக்கும் அடிப்படை என வைக்கப்பட்ட விதி இத்துணைச் சிக்கலாயிருத்தல் தகாது என்று கறி கருதினார். அதனைச் சிறு சிறு எளிய படிகளாகப் பிரித்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முயற்சியின் தொடக்கம்.

1927இல் அவர் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அங்கே நூலகத்தில், தாம் தேடியதை வேறொருவர் முன்னரே கண்டுவிட்டார் என்பதை அறிந்தார். அவர் மோசே ஷோன்பிங்கல் என்பவர். இன்று உக்ரேயினில் நிப்ரோ என வழங்கும் நகரிற் பிறந்து, ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹில்பேட் என்னும் பேரறிஞரின் குழாத்திற் பயின்றவர். அவர் 1920இல் நிகழ்த்திய உரையொன்று நண்பரொருவரால் எழுதி ஒழுங்குசெய்யப்பட்டு 1924இல் வெளிவந்திருந்தது.

அவ்வுரையின் கருத்தை நாம் அறிந்த எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். பாடசாலைக் கணிதத்திற் சார்பு என்பது ஒன்றைப் பெற்று மற்றொன்றைத் தருவது; ஓர் எண்ணைக் கொடுத்தால் அதன் வர்க்கத்தைத் தருவது போல. கொட்டாஞ்சேனையில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும் ஒருவருக்குரிய பஸ் கட்டணத்தை அறிய இரண்டு செய்திகள் வேண்டும்: ஏறிய இடம் ஒன்று, இறங்கும் இடம் மற்றொன்று. ஏறிய இடம் மட்டுந் தெரிந்தாற் கட்டணம் கிடையாது. ஆயினுங் கொட்டாஞ்சேனையில் ஏறியோருக்குரிய கட்டண அட்டவணை கிடைக்கும். அவ்வட்டவணையில் வெள்ளவத்தையைத் தேடினால் உரிய கட்டணம் கிடைத்துவிடும். இவ்வட்டவணையும் ஒரு சார்பே. எனவே முதலாவது சார்பு ஓர் இடத்தைப் பெற்று, பணத்தொகையைத் தராது, மற்றொரு சார்பையே பயனாகத் தருகின்றது. இவ்வாறு பல உள்ளீடுகள் கொண்ட எச்சார்பையும் ஒவ்வோர் உள்ளீடாகப் பெறுஞ் சார்புகளின் தொடராக மாற்றிவிடலாம். இன்று கறியின் பெயரால் வழங்கும் முறை இதுவே.

சார்பொன்று மற்றொரு சார்பைத் தரலாமாயின், சார்பொன்றை உள்ளீடாகவும் பெறலாமன்றோ? நாற்பது விடைத்தாள்களைக் கட்டாக வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவரை எண்ணுக. முதற்றாளை எடுத்தல், செய்யவேண்டியதைச் செய்தல், பெறுபேற்றைப் பட்டியலிற் பதிதல், அடுத்த தாளுக்குச் செல்லல் என்னும் ஒழுங்கு எப்போதும் ஒன்றே. செய்யவேண்டிய வேலைதான் மாறும். ஒருநாட் புள்ளிகளைக் கூட்டுதல், மற்றொருநாட் பிழைகளை எண்ணுதல். ஒழுங்கை ஒருமுறை வகுத்துவிட்டு வேலையை மட்டும் மாற்றி மாற்றி அதனிடம் ஒப்படைக்கலாம். இவ்வாறு சார்பைப் பெறுவதும் தருவதுமான சார்பை உயர்படிச் சார்பு என்று கூறலாம். ஷோன்பிங்கல் இவ்வழியே மேலுஞ் சென்று, இரண்டே அடிப்படைச் சார்புகளிலிருந்து ஏனையவற்றைக் கட்டலாம் என்று காட்டினார். அவற்றுள் ஒன்று, தரப்பட்ட இரண்டினுள் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது. மற்றையது, ஒரு பொருளை இரு சார்புகளுக்கும் அளித்து, முதலாவது தரும் பெறுபேற்றை இரண்டாவது தரும் பெறுபேற்றின்மீது செயற்படுத்துவது. மாறிகளும் இல்லை, அவற்றாலாகும் மயக்கமும் இல்லை.

தமக்கு முன்னரே ஒருவர் இதனைக் கண்டார் என்பதைக் கறி மறைக்க முயலவில்லை. அவரைக் கண்டு பேசவே விரும்பினார். ஆனால் ஷோன்பிங்கல் மனநோயுற்று மருத்துவமனையில் இருக்கிறார் என்ற செய்தியே கிடைத்தது. அவர் 1942 அளவில் மொஸ்கோவில் வறுமையிலே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கடதாசிகளை அயலவர் குளிர்காய எரித்தனர் என்பர்.

1928இற் கறி வேர்ஜினியா வீற்லி என்னும் நங்கையை மணந்து, அவருடன் கொட்டிங்கனுக்குச் சென்றார். அங்கே பேர்னேய்ஸ் என்பவரின் துணையோடும் ஹில்பேட்டின் மேற்பார்வையிலும் ஆய்வு செய்து, 1929இற் கலாநிதிப் பட்டத்துக்குரிய பரீட்சையிலே தேறினார். சேர்மான அளவையியல் என்னும் புதிய துறையின் அடிப்படைகளே அவ்வாய்வின் பொருள். அவ்வாண்டே பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். இடையிடையே வேறிடங்களுக்குச் சென்று திரும்பினாராயினும், 1966 வரை அதுவே அவர் பணியிடமாயிற்று. ஒரு மகளும் ஒரு மகனும் அவருக்குப் பிறந்தனர்.

இனி அவர் வாழ்விற் பெருஞ் சோதனையைக் கூறுதல் வேண்டும். கறியின் முறையில் எச்சார்பையும் எதன்மீதும் செயற்படுத்தலாம். ஒரு சார்பைத் தன்மீதே செயற்படுத்துவதற்கும் தடையில்லை. பிறின்ஸ்ரனில் அலொன்சோ சேர்ச் என்பவர் 1932இல் வெளியிட்ட முறையிலும் இச்சுதந்திரம் இருந்தது. 1935இற் சேர்ச்சின் மாணவர்களாகிய கிளீனி, றொசர் என்னும் இருவரும் இத்தகைய முறைகளில் முரண்பாடு எழும் என்று நிறுவினர். சேர்ச்சின் முறையோடு கறியின் முறையும் அவர்களின் நிறுவலுக்கு இலக்காயிற்று. முரண்பாடு புகுந்த முறையில் எக்கூற்றையும் உண்மையென நிறுவிவிடலாம். ஆகவே அதில் நிறுவியது எதற்கும் மதிப்பில்லை. பல்லாண்டு உழைத்துக் கட்டிய வீட்டின் அத்திவாரத்தில் வெடிப்பு என்று பிறர் வந்து காட்டியதற்கு ஒப்பாகும் இது.

சேர்ச் தம் முறையிற் பழுதற்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, கணிக்கத்தக்கது எது என்னும் ஆராய்ச்சிக்கு அதனைப் பயன்படுத்திப் புகழ் பெற்றார். கறியோ, வெடிப்பு எங்கே, எதனால் என்று முற்றாக அறியாமல் அவ்விடத்தைவிட்டு நீங்க விரும்பவில்லை. பிறர் நிறுவிய நீண்ட நிறுவலைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்து, அதன் உயிர்நிலையைச் சில வரிகளுக்குள் அடக்கி 1942இல் வெளியிட்டார். அதனை இன்று கறியின் முரண் என்பர். அதனை நாம் இவ்வாறு எடுத்துரைக்கலாம். இக்கூற்று உண்மையாயிற் களனி கங்கை மலையை நோக்கிப் பாயும் என ஒரு கூற்று உளதென்க. அது உண்மையென ஒரு கணம் வைத்துக்கொள்வோம். அப்போது அது சொல்வது நிகழ்தல் வேண்டும். அது வேண்டும் நிபந்தனையும் நிறைவேறியுள்ளது. எனவே கங்கை மலையை நோக்கிப் பாயும். ஆகக் கூற்று உண்மையாயிற் கங்கை மலையை நோக்கிப் பாயும் என்பது பெறப்பட்டது. ஆனால் அக்கூற்றுச் சொல்வதும் இதுவேயன்றோ? எனவே கூற்று உண்மையாகின்றது. கங்கையும் மலையேற வேண்டியதாகின்றது! ஒன்று தன்னையே சுட்ட வல்லதாயிருத்தலும், ஆயின் என்னும் சொல்லின் சாதாரண விதிகளுமே இவ்விபரீதத்துக்குப் போதுமானவை என்பதைக் கறி தெளிவுபடுத்தினார்.

நோயை அறிந்தவர் மருந்தையும் நாடினார். அதற்குரிய கருத்தை 1934இலேயே அவர் வெளியிட்டிருந்தார். ஒவ்வொரு சார்புக்கும், எவ்வகைப் பொருளைப் பெற்று எவ்வகைப் பொருளைத் தருவது என்று ஒரு வகைக்குறி இடுதல் வேண்டும் என்பதே அது. சார்பைப் பெறும் சார்புக்கும் அவ்வாறே குறியிடலாம். முற்கூறிய விடைத்தாட் கட்டிற்கு மீள்வோம். கட்டிலுள்ளவை விடைத்தாள்கள், எனவே விடைத்தாளைப் பெற்று ஏதேனுமொன்றைத் தரும் வேலையே அவ்வொழுங்கிடம் ஒப்படைக்கத்தக்கது. மாணவனை நிறுத்தி உயரத்தை அளக்கும் வேலையை ஒருவர் ஒப்படைப்பாராயின், முதற்றாளைத் தொடுமுன்னரே, குறிகள் பொருந்தாமையைக் கண்டு அதனைத் தள்ளிவிடலாம். தன்னைத் தன்மீதே செயற்படுத்துஞ் சார்புக்கு இம்முறையிற் குறி கிடைப்பதில்லை. ஆதலின் அதன் வாயிலாக வரும் முரண்பாட்டுக்கும் வழி அடைபடுகின்றது. வகைகளை முன்கூட்டியே சரிபார்க்கும் இன்றைய செய்நிரல் மொழிகள் யாவும் செய்வது இதுவே. செய்நிரல் ஓடத் தொடங்குமுன் தவறு பிடிபடுகின்றது.

அதே கட்டுரையிற் கறி மற்றொரு புதுமையையுங் கண்டார். இரண்டினுள் முதலாவதை வைத்துக்கொள்ளும் அடிப்படைச் சார்பின் வகைக்குறியை எழுதினால், ஒன்று உண்மையாயின் வேறெது கூறப்படினும் அது உண்மையே என்னும் அளவையியல் விதியின் வடிவம் அப்படியே கிடைக்கின்றது. மற்றைய அடிப்படைச் சார்பின் குறியும் அளவையியலின் பிறிதொரு விதியாக அமைகின்றது. எழுதப்பட்ட சார்பு நிறுவலாகவும் அதன் வகை நிறுவப்பட்ட தேற்றமாகவும் நிற்கின்றன. இவ்வொப்புமையை வில்லியம் ஹவாட் என்பவர் 1969இல் விரித்து எழுதினார். அக்குறிப்புகள் 1980இற் கறிக்கு அளிக்கப்பட்ட பாராட்டு மலரில் அச்சேறின. நிறுவல்களைக் கணினியாற் சரிபார்க்கும் இக்காலக் கருவிகள் பல இதன்மேல் எழுந்தவை.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது கறி அளவையியலை ஒருபுறம் வைத்துவிட்டு, 1942 முதல் நான்காண்டு அரசின் ஆய்வுகூடங்களிற் பணிபுரிந்தார். இறுதியாக அபடீன் படைக்கல ஆய்வுகூடத்திற் சேர்ந்தபோது, ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட எனியாக் என்னும் பெருங் கணிபொறியோடு பழகினார். கம்பிகளை மாற்றிக் கொளுவியும் ஆளிகளைத் திருப்பியுமே அதற்கு வேலை கற்பிக்க வேண்டியிருந்தது. வில்லா வயற் என்னும் பெண்மணியுடன் சேர்ந்து அதற்குரிய கணிப்பு முறையொன்றைப் பற்றி 1946இல் அறிக்கை எழுதினார். சிறு செய்நிரல்களை இணைத்துப் பெருஞ் செய்நிரல்களை ஒழுங்காக ஆக்குவது எங்ஙனம் என்று 1949இலும் 1950இலும் மேலும் எழுதினார். அவ்வறிக்கைகளை அக்காலத்திற் கவனித்தோர் சிலரே. சேர்மான அளவையியலில் அடிப்படைச் சார்புகளை இணைத்தவர், கணிபொறியிலும் அந்நெறியையே நாடினார் என்பதை அவை காட்டுகின்றன.

போருக்குப் பின் தம் ஆய்வை மீண்டுந் தொடங்கினார். பெல்ஜிய நாட்டு அறிஞர் றொபேட் பேய்ஸ் என்பவருடன் எழுதிய சேர்மான அளவையியற் பெருநூலின் முதற் பாகம் 1958இல் வெளிவந்தது. 1966இல் ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று நான்காண்டு பேராசிரியராய் விளங்கினார். இளம் அறிஞராகிய ஹின்ட்லி, செல்டின் என்போருடன் சேர்ந்து இரண்டாம் பாகத்தை 1972இல் வெளியிட்டார். இவருள் ஹின்ட்லி 1969இல், சார்பொன்றைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குரிய மிகப் பொதுவான வகையைக் கண்டறியும் வழியை நிறுவினார். 1978இல் எடின்பரோவில் றொபின் மில்னர் இதனையொத்த வழியைத் தாமாகவே கண்டு செய்நிரல் மொழிக்கு உரியதாக்கினார். இதனால் எழுதுவோர் ஒவ்வொன்றுக்கும் வகையை எழுதவேண்டிய தொல்லை நீங்கிற்று. கட்டண அட்டவணை தரும் விடையை ஓர் எண்ணோடு கூட்டினால், அவ்விடையும் எண்ணே என்பதை மொழி தானே ஊகித்துக்கொள்ளும்.

கறி 1982ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருக்கையில், தாம் நெடுங்காலம் வாழ்ந்த பென்சில்வேனியாவின் ஸ்ரேற் கொலிஜ் என்னும் ஊரிற் காலமானார். உயர்படிச் சார்புகளை முதன்மையாகக் கொண்ட பொது மொழியொன்றை ஆக்குவதென 1987இல் அறிஞர் குழுவொன்று முடிவு செய்தது. 1988 சனவரியில் யேல் பல்கலைக்கழகத்திற் கூடியபோது அம்மொழிக்கு ஹஸ்கெல் எனப் பெயர் தேர்ந்தனர். அதன் முதல் அறிக்கை 1990இல் வெளிவந்தது. குழுவினர் சிலர் கறியின் மனைவியாரைச் சென்று கண்டு இசைவு வேண்டினர். அவ்வம்மையார் மகிழ்ந்து இசைந்தார். விருந்தினர் விடைபெறும் வேளையிலே, தம் கணவர் ஹஸ்கெல் என்னுந் தமது பெயரை ஒருபோதும் விரும்பியதில்லை என்ற செய்தியையுங் கூறி அனுப்பினாராம்!

அறிஞருக்கு உரியதாயிருந்த இக்கருத்து இன்று உலகப் பொதுவாகிவிட்டது. பெருவழக்கிலுள்ள யாவா மொழி 2014இல் வெளிவந்த எட்டாம் பதிப்பிலே, சார்பைச் சார்புக்கு அளிக்கும் எளிய வழியைச் சேர்த்துக்கொண்டது. நம் கொழும்பு மாநகரும் இதிற் பங்குகொண்டுள்ளது. கொழும்பில் வளர்ந்த டபிள்யூ.எஸ்.ஓ.ரூ. நிறுவனத்தார், சஞ்சீவ வீரவரண அவர்களின் தலைமையில் ஆக்கிய பலறீனா என்னும் மொழியின் முதற் பதிப்பு 2019இல் வெளிவந்தது. அதுவும் வகைகளை முன்கூட்டியே சரிபார்ப்பது. அதிலும் சார்பை ஏனைய பொருள்களைப் போலவே கொடுக்கவும் வாங்கவும் இயலும். பொஸ்ரனிற் பிறந்த ஒரு வினா, கொட்டிங்கன் வழியாகச் சுற்றி, நம் ஊரிலும் வந்து பயன் தருகின்றது.

இனி ஒன்று கூறி முடிப்பாம். பல உள்ளீடுகளை ஒவ்வொன்றாகப் பெறும் முறைக்குக் கறியின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அம்முறை ஷோன்பிங்கலுடையது என்று கறியே தம் நூல்களில் எழுதியுள்ளார். ஜேர்மன் அறிஞர் பிறேகே அதே கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கையாண்டிருந்தார் என்பது இன்று தெரிந்ததே. ஆகவே கறியின் பெருமையை அவர் பெயர் தாங்கிய முறையில் தேடவேண்டியதில்லை. தமக்கு முன்னவரை மறவாது போற்றியதிலும், தம் முறையிற் கண்ட குற்றத்தைப் பிறரினும் கூர்மையாக ஆராய்ந்ததிலும், அக்குற்றத்திலிருந்தே கட்டுப்பாடொன்றைக் கண்டு உலகுக்கு உதவியதிலுமே அது விளங்குகின்றது. எழுதிய செய்நிரலை வகை பொருந்தாது என்று கணினி மறுக்கும்போது மாணவர் சினங்கொள்வதுண்டு. அவ்வேளை 1935இற் கறி பெற்ற மறுப்பை நினைவார்களாக. தவறு முன்னரே வெளிப்படுதல் நன்மையே. அதன் காரணத்தை அறியும்வரை அயராதிருத்தலே கல்வி.